டர்பன் வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஸ்பீக்கர்: கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணே, கையில் 5,000 ரேண்ட் இருக்கிறது. வீட்டில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கிடையாது. போனில் லோட்டஸ் எஃப்எம்மும் கச்சேரியும் கேட்க எதை வாங்கலாம்?

ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஜோடி வாங்குங்கள். இந்தப் பணத்தை ஆம்புக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் பிரித்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் அமையும். எடிஃபையர் R1280T ரகத்தில் 4 அங்குல ஊஃபர் (கீழ்ச்சுருதி தரும் கூம்பு), இரண்டு பக்கமும் சேர்ந்து 42 வாட். 12 அடிக்கு 12 அடி அறைக்கு அது தாராளம். ஆனால் அந்த மாதிரியில் புளூடூத் இல்லை, ஒயர்தான். புளூடூத் வேண்டுமானால் R1280DB என்று கேட்டு வாங்குங்கள். கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம், அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

பீனிக்ஸிலிருந்து: 300 வாட் என்று போட்ட ஜோடி மலிவு; 50 வாட் ஜோடி விலை கூட. இது என்ன கணக்கு?

ஸ்பீக்கரில் எழுதிய வாட், அது தாங்கும் அளவு. சத்தத்தின் அளவு இல்லை. அதிலும் 'பீக்' (கணநேர உச்சம்) என்று போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். பார்க்கவேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் சத்தம் என்பது. 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு ஆம்ப் இரண்டு மடங்கு உழைக்கவேண்டும். 89 டெசிபெல் பெட்டிக்கு 20 வாட் போதும் என்ற இடத்தில் 83 டெசிபெல் பெட்டி 80 வாட் கேட்கும்.

இதிலும் ஒரு சூது உண்டு. பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்துத்தான் அளப்பார்கள். 8 ஓம் தடையுள்ள பெட்டியில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். ஆகவே 4 ஓம் பெட்டியின் எண்ணில் 3 கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

'சின்ன ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை' என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். சின்ன ஆம்பைக் கடைசிவரை திருகும்போது அலையின் தலை வெட்டுப்படும். அந்தச் சிதைவு மேல்சுருதியாகக் கிளம்பி, மேல்சுருதி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைத்தான் சுடும்.

டோங்காட்டிலிருந்து: பழைய பெட்டி ஒரு ஜோடி விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும், அண்ணே?

முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றிய வளையத்தை விரல்நுனியால் தொடுங்கள். ரப்பர் வளைந்துகொடுக்கும். ஃபோம் நம் கடலோர ஈரக்காற்றில் 10, 15 வருடத்தில் பொடியாக உதிரும். உதிர்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதே அளவு வளையம் வாங்கி ஒட்டலாம். அடுத்து, கூம்பை விரல்கள் விரித்து நேராக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் வந்தால் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) கெட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் பின்முனைகளில் வையுங்கள். 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டும். 8 காட்டவில்லையே என்று பயப்படவேண்டாம், மீட்டர் அளப்பது டிசி தடையை. ஒன்று மறக்காதீர்கள்: ட்வீட்டருக்கு முன்னால் டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால், அது செத்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. ஜால்ரா உள்ள பஜனைப் பாட்டு ஒன்றைப் போட்டு ட்வீட்டர் அருகே காதை வையுங்கள்.

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கும்மென்று மோதுகிறது. ஸ்பீக்கரை மாற்றவா?

மாற்றாதீர்கள், நகர்த்துங்கள். மூலையும் சுவரும் கீழ்ச்சுருதியை ஊதிப் பெருக்கும், பெட்டியின் காற்று ஓட்டை (போர்ட்) பின்பக்கம் இருந்தால் இன்னும் மோசம். சுவரிலிருந்து 25, 30 சென்டிமீட்டர் விலக்கி, மூலையிலிருந்து அதற்கும் கூடுதலாகத் தள்ளுங்கள். புத்தக அலமாரிக்குள்தான் வைக்கமுடியும் என்றால் ஓட்டையில் சுத்தமான சாக்ஸ் ஒன்றைச் சுருட்டிச் செருகுங்கள். சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்யும். ட்வீட்டர் உட்கார்ந்த காதின் உயரத்தில் இருக்கட்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவே 2 மீட்டர் என்றால் நாற்காலியும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ 2 மீட்டர். டைல்ஸ் தரை என்றால் நடுவில் ஒரு கம்பளம்.

அதே வீட்டிலிருந்து: ஒயர்?

5 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். விலையுயர்ந்த ஒயருக்குக் கொடுக்கும் காசைப் பெட்டியில் போடுங்கள்.

வெருலத்திலிருந்து: புதிதாக மாட்டினேன். குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கிறது, பேஸ் காணோம்.

ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் கீழ்ச்சுருதி ஒன்றையொன்று அழித்துவிடும். ஆம்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு பெட்டியின் ஒயரை மாற்றுங்கள்.

மறுபடி பீனிக்ஸிலிருந்து: லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) வந்தால் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறோம். ஆம்ப் 'ர்ர்ர்' என்று இரைகிறது.

இன்வெர்ட்டர் மாடிஃபைட் சைன் வேவ் ரகமாக இருக்கும். அதன் படிப்படியான அலை பெரிய டிரான்ஸ்ஃபார்மரை அதிரவைக்கும், சூடும் ஏறும். பியூர் சைன் வேவ் வாங்கினால் இரைச்சல் போய்விடும். இப்போதைக்கு அது கட்டுப்படியாகாது என்றால், அடாப்டரில் ஓடும் சின்ன கிளாஸ் டி ஆம்ப் வையுங்கள், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் இரைச்சல் குறையும். முதல் நாள் அரை மணி ஓடவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்கமுடியாத சூடு என்றால் அந்த இன்வெர்ட்டரில் ஓட்டவேண்டாம். கரண்ட் திரும்பும்போது அடிக்கும் சர்ஜ் (திடீர் மின்னழுத்த உயர்வு)தான் பெரிய ஆபத்து. சுவர் சுவிட்சை அணைத்து வைத்து, வந்த பிறகு சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.