வீட்டைச் சுத்தி இருக்கறதை போன்ல எடுக்கறது எப்படி: உங்க கேள்வியும் என் பதிலும்

கேள்வி அனுப்புனவங்க எல்லாருக்கும் வணக்கம். பாதிக்கு மேல "எந்த போன் வாங்கலாம்"னு தான் வந்திருக்கு, அதையெல்லாம் ஓரமா வச்சுட்டேன், இப்போ கையில இருக்கற போனே போதும். மிச்சத்துல ஒரே மாதிரி இருந்ததை சேர்த்து பதில் சொல்றேன், விட்டுப்போனவங்க கோச்சுக்காதீங்க.

அம்பத்தூர் அக்கா: தம்பி, எங்களுது மூணாவது மாடி ஃபிளாட், பால்கனில நாலு தொட்டி, ஒரு கறிவேப்பிலை செடி, அவ்ளோ தான். இதுல என்னத்த எடுக்கறது? போன்ல மேக்ரோ கேமரா (சின்னப் பொருளை கிட்டத்துல எடுக்கறதுக்கான லென்ஸ்) இருக்கு, ஆனா படம் சகிக்கல.

அக்கா, கறிவேப்பிலை செடி இருக்குன்னு சொல்லிட்டு ஒண்ணுமில்லன்னு சொல்றீங்களே! அந்த ஒரு செடியை வச்சே மாசக்கணக்கா எடுக்கலாம். காமன் மார்மன்னு ஒரு கறுப்பு பட்டாம்பூச்சி இருக்கு, அது கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைன்னு தேடி வந்து கொழுந்து இலையில ஒண்ணொண்ணா முட்டை வைக்கும். பொரிஞ்சு வர்ற குட்டிப் புழுவை நீங்க பறவை எச்சம்னு நினைச்சு தொடைச்சு விட்டிருப்பீங்க, பழுப்பும் வெள்ளையுமா அச்சு அசல் எச்சம் மாதிரியே இருக்கும், குருவி தின்னாம தப்பிக்கறதுக்கு தான் அந்த வேஷம். வளர்ந்ததும் தோலை உரிச்சுட்டு பச்சையாயிடும். அப்போ லேசா சீண்டினா தலைக்குப் பின்னாடி இருந்து செவப்பா ரெண்டு கொம்பு நீட்டும், கூடவே ஒரு நாத்தம் வரும் பாருங்க. (ஒரு தடவை பாத்தா போதும், படத்துக்காக திரும்பத் திரும்ப சீண்டாதீங்க.) அப்புறம் கூட்டுப்புழு ஆகி ஒரு குச்சியில நூலை இடுப்புல கட்டிட்டு தொங்கும். கூடு கறுத்து உள்ள இறக்கையோட டிசைன் தெரிய ஆரம்பிச்சா மறுநாள் காலையில அலாரம் வச்சு எழுந்துடுங்க, பெரும்பாலும் காலையில தான் வெளிய வரும், வந்ததும் இறக்கை கசங்கின துணியா இருக்கும், அது விரிஞ்சு காயற வரைக்கும் பறக்காது, உங்களுக்கு எவ்ளோ நேரம் வேணும்னாலும் போஸ் குடுக்கும். பொம்பளை பூச்சியில சிலது ஆடுதீண்டாப்பாளையை தின்னு விஷமா இருக்கற வேற ஒரு பட்டாம்பூச்சியோட கலரை காப்பியடிச்சுட்டு வரும், உங்களுக்கு அது வந்தா லக்கு.

மேக்ரோ கேமராவை மறந்துடுங்க. விலை கம்மியான போன்ல வர்ற 2 மெகாபிக்சல் மேக்ரோ சும்மா பேருக்கு வச்சது. மெயின் கேமராவையே வச்சு ஒரு ஜாண் தள்ளி நின்னு 2x ஜூம் போட்டு எடுங்க. ரொம்ப கிட்ட போனா மெயின் கேமரா ஃபோகஸ் பிடிக்காது, எல்லாரும் கிட்ட போயி கிட்ட போயி தான் படத்தை மங்கலாக்கறோம்.

கும்பகோணம் ஆசிரியர்: வீட்டு வாசல்ல நந்தியாவட்டை. நேர்ல பாத்தா அவ்ளோ அழகு, படத்துல வெறும் வெள்ளைத் திட்டு. இதழே தெரியல சார்.

ஸ்காபரோ தங்கச்சி: அண்ணை, நான் கனடாவில இருக்கிறன். இஞ்ச விண்டர் முழுக்க ஸ்னோ தான். படம் எடுத்தா வெள்ளையா வராமல் சாம்பல் கலர்ல வருது, வடிவா இல்ல. என்ன செய்யிறது?

ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, தலைகீழா. கேமரா முன்னாடி என்ன இருந்தாலும் அதை நடுத்தரமான வெளிச்சத்துக்கு கொண்டுவரத் தான் பாக்கும். நந்தியாவட்டைக்குச் சுத்தி கரும்பச்சை இலை, கேமரா மொத்தத்தையும் பாத்து "இருட்டா இருக்கே"ன்னு வெளிச்சத்தை ஏத்தும், பூ வெந்துபோயிடும். ஸ்னோவுல எல்லாமே வெள்ளை, "அடேங்கப்பா என்னா வெளிச்சம்"னு இறக்கிடும், சாம்பலாயிடும். அதனால சார், நீங்க பூ மேல விரலை வச்சு, பக்கத்துல வர்ற சூரியன் குறியை கீழ இழுங்க, இதழ்ல இருக்கற நரம்பு தெரியற வரைக்கும். இலை இருட்டினா இருட்டட்டும். தங்கச்சி, நீங்க மேல இழுங்க.

இன்னொண்ணும் சொல்றேன் தங்கச்சி. அமெரிக்காவுல வெர்மான்ட்ல ஜெரிக்கோன்னு ஒரு ஊர், அங்க வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி. மைக்ரோஸ்கோப்போட கேமராவைச் சேர்த்து 1885 ஜனவரி 15 அன்னிக்கு ஒரே ஒரு பனித்துகளை போட்டோ எடுத்தாரு, அதுக்கப்புறம் 1931ல சாகற வரைக்கும் 5000க்கு மேல எடுத்துத் தள்ளிட்டாரு, எல்லாம் தன்னோட வயக்காட்டுல விழுந்த பனி. உங்களுக்கு மைக்ரோஸ்கோப் வேணாம், கறுப்பு கம்பளி கையுறையை கொஞ்ச நேரம் வெளியில வச்சு ஆறவிட்டு, லேசா ஸ்னோ விழும்போது நீட்டுங்க, போன்ல மாட்டற கிளிப் லென்ஸ் ஒண்ணு இருந்தா ஆறு மூலையும் தெரியும். மூச்சு மட்டும் மேல பட்டுடக் கூடாது, உருகிடும்.

திண்டுக்கல் காலேஜ் தம்பி: அண்ணா, சிலந்தி வலை, புல்லு, அருகம்புல் நுனில பனித்துளி இதெல்லாம் எடுக்கும்போது ஃபோகஸ் பின்னாடி இருக்கற செவுத்துக்கு ஓடிடுது. கடுப்பாகுது.

மெல்லிசா இருக்கற எதுக்கும் இது நடக்கும். உள்ளங்கையை வலைக்கு ஒட்டினாப்ல, வலையில படாம, அதே தூரத்துல வை. திரையில கை தெரியற இடத்தை அழுத்திப் பிடி, ஃபோகஸ் அங்கயே லாக் ஆகும். இப்போ கையை எடுத்துட்டு போனை இப்படி அப்படி நூலளவு ஆட்டி எடு, ஒரு இருபது படம் எடுத்தா ரெண்டு தேறும். வலைக்கு சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கணும், உனக்குப் பின்னாடி இருந்தா வலையே தெரியாது. நடுவுல எக்ஸ் மாதிரி வெள்ளையா தையல் போட்டு, ரெண்டு ரெண்டு காலா சேர்த்து வச்சுட்டு உக்காந்திருக்கற சிலந்தி வேலியோரம் நிறைய இருக்கும், அதுல ஆரம்பி, அது ஓடாது.

அருகம்புல் நுனில இருக்கறது எல்லாமே பனித்துளி இல்ல தம்பி. ராத்திரி வேர் தண்ணியை இழுத்துட்டே இருக்கும், அது போக வழியில்லாம இலை நுனி வழியா சொட்டா வெளிய வந்து நிக்கும். இலை ஓரம் முழுக்க வரிசையா, ஒரே சைஸ்ல, முத்து கோத்த மாதிரி சொட்டு இருந்தா அது செடியே விட்ட தண்ணி. இலை மேல பொடிப்பொடியா தெளிச்சாப்ல இருந்தா அது பனி. இது தெரிஞ்சா எங்க தேடணும்னும் தெரியும்: முந்தின நாள் நல்லா தண்ணி விட்ட செடி, காத்தில்லாத காலை, வெயில் ஏறறதுக்கு முன்னாடி. அந்த சொட்டுக்குள்ள பாரு, பின்னாடி இருக்கற தென்னமரம் தலைகீழா தெரியும், சொட்டே ஒரு லென்ஸ். சொட்டு மேல ஃபோகஸ் பண்ணாம உள்ள தெரியற தென்னமரத்து மேல ஃபோகஸ் பண்ணு. சேப்பங்கிழங்கு இலையிலயும் முயற்சி பண்ணலாம், அதுல மெழுகும் கண்ணுக்குத் தெரியாத மேடு மேடும் இருக்கறதால தண்ணி ஒட்டாம உருண்டையா நிக்கும்.

திருவான்மியூர் வாசி: பீச்ல சூரிய உதயம் எடுத்தா ஆரஞ்சு கலர்ல ஒரு உருண்டை, அவ்ளோ தான் வருது.

நீங்க லேட்டா போறீங்க. கலர் எல்லாம் சூரியன் வர்றதுக்கு இருபது முப்பது நிமிஷம் முன்னாடியே வானத்துல நடந்து முடிஞ்சுடும், அதுவும் மேகம் அங்கங்க இருந்தா தான். துடைச்சு விட்ட வானம்னா கேமராவை பாக்கெட்ல போட்டுட்டு கீழ பாருங்க. அலை வந்து போன ஈர மணல்ல வானம் தெரியும், நண்டு வளைக்கு வெளிய தள்ளின மணல் மேல பக்கவாட்டு வெளிச்சம் விழும், ஒவ்வொரு மணல் கட்டிக்கும் நீளமா ஒரு நிழல் இருக்கும். அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம் தான், அரை மணி கழிச்சு வந்தா அதே மணல் சப்புனு இருக்கும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரில போறவங்க ஃபிளாஷ் போடாதீங்க, ஆமை முட்டை போட வர்ற நேரம்.

மதுரை ஐடி ஊழியர்: ப்ரோ நேரா கேக்கறேன், பறவைக்கு கேமரா வாங்கணுமா வேணாமா?

நேராவே சொல்றேன், தூரத்துப் பறவைக்கு போன் சரிப்படாது. 10x, 30x எல்லாம் போட்டா இறகு இருக்கற இடத்துல பெயிண்ட் அடிச்ச மாதிரி வரும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணிப் பாருங்க. செம்பருத்தி இல்லன்னா இட்லிப்பூ செடி வீட்டு ஜன்னல் பக்கம் இருந்தா தேன்சிட்டு வரும், தினமும் கிட்டத்தட்ட அதே நேரம், அதே கிளை. எந்த பூவுக்கு வருதுன்னு ரெண்டு மூணு நாள் பாருங்க, அப்புறம் போனை அந்த பூவுக்கு ரெண்டடி தள்ளி ஸ்டாண்ட்ல வச்சு வீடியோ ஓடவிட்டுட்டு நீங்க உள்ள போய் டீ போடுங்க. பறவை பின்னாடி ஓடறவனுக்கு வால் தான் கிடைக்கும்.

மா. கிருஷ்ணன்னு (1912–1996) நம்மூர்க்காரர், நாவல் எழுதின அ. மாதவையாவோட பையன், யானையும் பறவையுமா கறுப்பு வெள்ளைல எடுத்தவரு. பல கேமரா பார்ட்ஸை ஒட்டுப்போட்டு தானே ஒண்ணு செஞ்சு அதுக்கு "சூப்பர் பாண்டெரோசா"ன்னு பேரும் வச்சுக்கிட்டாரு. மிருகம் என்ன பண்ணும்னு தெரிஞ்சவரு, அதான் விஷயம். சென்னைக்கு வந்தா பள்ளிக்கரணை போங்க, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல்ல 2022ல சேர்ந்த சதுப்பு நிலம், ரோட்டோரத்துலயே நெடுங்கால் உள்ளான், நீலத்தாழைக்கோழி எல்லாம் நிக்கும். பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015ல இருந்து நடக்குது, அதுக்கு கேமராவே வேணாம், கண்ணும் நோட்டும் போதும். அதுல ஒரு வருஷம் கலந்துட்டு அப்புறம் கேமரா வாங்குங்க.

ஈரோடு அண்ணி: எங்க போர்டிகோ கொடியில கொண்டைக்குருவி கூடு கட்டி குஞ்சு பொரிச்சிருக்கு! மறைக்கற இலையை கொஞ்சம் வெட்டிட்டு லைட் வச்சு எடுக்கலாமா?

வேணாம் அண்ணி. அந்த இலை தான் குஞ்சுக்கு குடையும் கதவும். வெட்டினா வெயில்ல வெந்துடும், இல்ல நீங்க அடிக்கடி எங்க எட்டிப் பாக்கறீங்கன்னு காக்கா கவனிச்சுட்டே இருக்கும். பல போட்டோ போட்டிகள்ல கூட்டுப் படத்தை ஏத்துக்கறதே இல்ல, இதுக்குத் தான். குஞ்சு ரெண்டு வாரத்துக்குள்ள கூட்டை விட்டு வெளிய வந்துடும், அப்போ வாயைப் பொளந்துட்டு கொடியில வரிசையா உக்காந்திருக்கும், உள்ள ஜன்னல்ல இருந்தே எடுங்க.

பேர் வேணாம்னு சொன்னவர்: எடிட்டிங்ல பச்சையை எவ்ளோ ஏத்தலாம்?

ஏத்தாதீங்க. போனே ஏற்கனவே ஏத்தித் தான் குடுக்குது. கொஞ்சம் இறக்கிப் பாருங்க.

தஞ்சாவூர் தாத்தா: தினம் நடக்கற ரோடு, அதே மரம். புதுசா என்ன இருக்குன்னு எடுக்கறது?

ஐயா, என்ன மரம்னு சொல்லலியே! பூவரசா இருந்தா நீங்க குடுத்து வச்சவர். பூ காலையில வெளிர் மஞ்சளா, நடுவுல கருஞ்செவப்பா விரியும், பொழுது சாய சாய அதே பூ ஆரஞ்சாகி செவந்து வாடிடும். காலை நடைக்குப் போகும்போது ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதே பூவை அதே இடத்துல நின்னு எடுங்க, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேரப்பிள்ளைக்கு அனுப்புங்க. பவழமல்லின்னா ராத்திரி பூத்து விடியறதுக்குள்ள கொட்டிடும், பெருக்கறதுக்கு முன்னாடி போகணும், குத்துக்கால் போட முடியலன்னா போனை தலைகீழா பிடிச்சு லென்ஸ் தரைக்கு கிட்ட வர்ற மாதிரி வைங்க. மரமே வேணாம்னா ரோட்டோர மூக்குத்திப்பூவைப் பாருங்க, வெயில் ஏறினதும் பட்டாம்பூச்சி மாத்தி மாத்தி வந்து உக்காரும்.

கோயம்புத்தூர் அம்மா: என் பையனுக்கு பத்து வயசு. பழைய போன் ஒண்ணு சும்மா கிடக்கு, குடுக்கலாமா? கண்டதையும் பாப்பானோன்னு பயம்.

சிம்மை எடுத்துட்டு குடுங்க. சீக்னு ஒரு ஆப் இருக்கு, ஐநேச்சுரலிஸ்ட்னு செடி, பூச்சி, பறவை படங்களைப் பகிர்ற தளத்துக்காரங்களோடது, கணக்கு திறக்கவே வேணாம், செடியையோ பூச்சியையோ காட்டினா என்னன்னு சொல்லப் பாக்கும், சில நேரம் குடும்பப் பேரோட நின்னுக்கும், பரவால்ல. வாசல்ல போட்ட மாக்கோலத்தை எறும்பு எப்படி தூக்கிட்டுப் போகுதுன்னு எடுக்கச் சொல்லுங்க, தரையோட தரையா படுத்து எடுக்கணும், சட்டை அழுக்காகும், திட்டாதீங்க. லென்ஸை பனியன் துணியில தொடைக்கச் சொல்லிக் குடுங்க, பாதிப் படம் மங்கறது கைரேகையால தான். முருங்கைமரத்துப் பக்கம் மட்டும் கூட நில்லுங்க, மழைக்காலத்துல தண்டுல கம்பளிப்பூச்சி மொத்தமா ஒட்டிட்டு இருக்கும், பட்டா தடிச்சுடும்.