பிரிட்டனில் என் 24 மாத போன் ஒப்பந்தம் முடியப்போகிறது. புதிய போன் எடுக்கலாமா?

ஒப்பந்தம் முடிவதற்காக மட்டும் போனை மாற்றாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் வங்கிச் செயலிகளுக்கு ஆபத்து, மாற்றிவிடலாம். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு (செட்டிங்ஸில் காட்டும் பேட்டரி ஹெல்த்) மட்டும் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி போதும்.

பலர் பணத்தை விடுவது வேறு இடத்தில். போன் விலையும் கட்டணமும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால், 24 மாதம் கழிந்தும் அதே தொகை போய்க்கொண்டே இருக்கலாம். 2020 பிப்ரவரி முதல், முடிவுக்கு 10 முதல் 40 நாள் முன்பே நிறுவனம் தகவல் அனுப்பியாக வேண்டும். அது வந்ததும், ஒப்பந்தம் முடியும் நாள் பார்த்து, போன் விலை சேராத சிம் மட்டும் திட்டத்துக்கு மாறுங்கள்.

வேறு நிறுவனத்துக்குப் போவதென்றால், எண்ணைத் தக்கவைக்க 65075-க்கு PAC என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்புங்கள் (எண்ணை மாற்றுவதற்கான குறியீட்டின் பெயர் அது). வரும் குறியீடு 30 நாள் செல்லும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்கும்முன் பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள், எண் போய்விடலாம்.