அலாய் வீல் மாற்றிய பின் அணையாத எச்சரிக்கை விளக்கு: பொறுப்பு யாருடையது?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் காருக்கு, வெளிக்கடை ஒன்றில் 16 அங்குல வீல்களை எடுத்துவிட்டு 17 அங்குல அலாய் வீல்களும் புது டயர்களும் பூட்டினேன். மறுநாளிலிருந்து டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது. காற்றைச் சரிபார்த்தும் அணையவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிகிறது. சர்வீஸ் சென்டரில், “வெளி வீல் போட்டதால் மொத்த வாரண்டியும் போய்விட்டது, டயர் அழுத்தம் அளக்கும் நான்கு சென்சாரும் புதிதாக வாங்குங்கள்” என்கிறார்கள். வீல் கடைக்காரரோ, “உங்கள் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கும், பூட்டிக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது” என்கிறார். பழைய வீல்கள் என்னிடமே உள்ளன. நான் யார் மீது நடவடிக்கை எடுக்க முடியும்?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு மிகவும் பயன்படும் தகவல், விளக்கு மினுக்குகிறது என்பதுதான். காற்று குறைந்திருந்தால் இவ்விளக்கு தொடக்கத்திலிருந்தே நிலையாக எரியும். ஒன்று, ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டு நிலைத்து எரிந்தால், சென்சாரிலிருந்து வர வேண்டிய தகவல் வரவில்லை என்று கண்காணிப்பு அமைப்பே சொல்கிறது என்று பொருள். ஆகவே உங்கள் வழக்கு காற்றைப் பற்றியது அல்ல. சென்சாருக்கும் காருக்கும் இடையிலான தொடர்பு எங்கே அறுந்தது, அதை அறுத்தவர் யார் என்பதைப் பற்றியது. இதற்கு விடை கிடைக்கும் முன் யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்.

முதலில் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் வீலுக்குள் சென்சாரே இருக்காது. பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு அளக்கும் சக்கரச் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே காற்றுக் குறைவு கணிக்கப்படும். உங்களுடையது அத்தகைய கார் என்றால், புதிய டயர்களுக்கு ஏற்ப அமைப்பை ரீசெட் செய்து பார்ப்பதே முதல் வேலை. இல்லாத சென்சார்களுக்கு எஸ்டிமேட் கொடுத்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் வேறாகிவிடும்.

வீலுக்குள் சென்சார் இருக்கும் கார் என்றால், பழைய வீல்கள் உங்களிடமே இருப்பது நல்லதாகப் போயிற்று. இவ்வகைச் சென்சார் வால்வின் அடியில், வீலின் உட்புறத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அந்த எண்ணைக் காரின் கணினி அறிந்திருந்தால்தான் அது அனுப்பும் தகவலை ஏற்கும். ஆகவே வீல் மாற்றும்போது தவறு நேர வழிகள் சில உள்ளன: சென்சாரைப் பழைய வீலிலேயே விட்டிருக்கலாம், புதிய சென்சார் போட்டு அதன் எண்ணைக் காரில் பதியாமல் விட்டிருக்கலாம், 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் கேட்கும் காருக்கு 315 மெகாஹெர்ட்ஸ் சென்சாரைப் பூட்டியிருக்கலாம், டயரைக் கழற்றும்போது இயந்திரத்தின் நெம்புமுனை பட்டுச் சென்சார் உடைந்திருக்கலாம். இவற்றுள் எதுவாக இருந்தாலும் பொறுப்பு வீல் கடைக்காரருடையதே. பேட்டரி தீர்ந்தது என்ற அவருடைய வாதம் இங்கே எடுபடுவது கடினம். அது சாதாரணமாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். இரண்டு ஆண்டுக் காரில், அதுவும் வீல் மாற்றிய மறுநாளே, அது தற்செயலாகத் தீர்ந்தது என்பதை எந்த நுகர்வோர் ஆணையமும் எளிதில் நம்பாது.

இனி சோதனை. பழைய வீல்களில் சென்சார்கள் இருக்கின்றனவா என்று, கையடக்கச் சென்சார் ரீடர் வைத்திருக்கும், இந்தத் தகராறில் சம்பந்தப்படாத டயர் கடையில் படிக்கச் சொல்லுங்கள். அடையாள எண், அலைவரிசை, பேட்டரி நிலை ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். அவை பழைய வீல்களிலேயே இருந்தால், அந்த வீல்களைப் பூட்டிச் சற்று தூரம் ஓட்டிப் பாருங்கள். நிற்கும் வண்டியில் சென்சார்கள் உறங்கும், ஓடத் தொடங்கிய பிறகே விழிக்கும். விளக்கு அணைந்துவிட்டால் காரின் ரிசீவரும் கணினியும் பழுதில்லை என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். இதை டாஷ்போர்டும் கிலோமீட்டர் அளவும் தெரியும்படி கைபேசியில் படமெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் நம்பாமல், மூலக் கோப்பை அந்தக் கைபேசியிலேயே வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர நேர்ந்தால் அது தேவைப்படும்.

கடைக்காரரின் பொறுப்புக்கு இரண்டு அடிப்படைகள் உள்ளன. காரின் மாடலைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் வீல் வேண்டும் என்று கேட்டு, அவருடைய தொழில்திறனை நம்பி வாங்கியிருந்தால், அந்த நோக்கத்துக்கு அது பொருந்த வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனையை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவு விற்பவர் மீது சுமத்துகிறது. பூட்டிய வேலையில் உள்ள குறை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ரசீதின் அடியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சிட்டிருப்பது குறையுள்ள பொருளுக்குக் கவசமாகாது. ரசீதில் காலம் எதுவும் குறிக்காத நிலையில், 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது அச்சட்டம். ஆனால், “சென்சார் வேண்டாம், வீல் மட்டும் போடுங்கள்” என்று நீங்களே சொல்லியிருந்தால் வழக்கின் முதுகெலும்பு முறிந்துவிடும். அப்படி ஏதேனும் குறுஞ்செய்தி அனுப்பினீர்களா என்று இப்போதே தேடிப் பாருங்கள். எதிர்த்தரப்பு நிச்சயம் தேடும்.

சர்வீஸ் சென்டர் சொன்னதைப் பாதி ஏற்கலாம். வாரண்டி என்பது ஒப்பந்தம்; வெளிப் பொருளால் விளைந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கு அதில் பெரும்பாலும் இருக்கும். எனவே சென்சார் செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் வீல் மாற்றியதால் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்கூட வாரண்டி போய்விட்டது என்பது வேறு பேச்சு. எந்த விதியின்படி, எந்தப் பழுதுக்கு மறுக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் தாராளமாக ரத்து செய்பவர்கள் எழுத்தில் தயங்குவார்கள். விலக்கைக் காட்டி மறுப்பவரே, பழுது அந்த வீலால்தான் வந்தது என்பதை நிறுவ வேண்டும்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களைச் சுடக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்கள் மாடலின் உயர்ந்த வகையில் தயாரிப்பாளரே 17 அங்குல வீலும் இதே டயர் அளவும் தந்திருந்தால் உங்கள் நிலை வலுவானது. இல்லையேல் நோட்டீஸ் அனுப்பும் முன் இதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஸ்டெப்னி இல்லாமல், டயர் பழுதுபார்ப்புக் கருவியோடு விற்கப்பட்ட கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது என்ற நிபந்தனையின் பேரில்தான் 2020-இல் விதிகள் அந்தச் சலுகையை அளித்தன. ஆகவே விளக்கே எரியாதபடி கணினியில் மாற்றித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.

குறை எங்கே என்று உறுதியானதும், 15 நாள் கெடு கொடுத்து, சென்சார்களைச் சரியாகப் பொருத்திப் பதிந்து தரும்படி கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அடுத்தது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சென்சார் செலவு, கூலி, மிதமான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையே எதிர்பாருங்கள். லட்சங்களில் மன உளைச்சல் கேட்பது மனுவின் நம்பகத்தன்மையைத்தான் கெடுக்கும்.

அதுவரை கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது கையளவியால் காற்றைப் பார்த்துக் குறித்து வாருங்கள். பழைய வீல்களை யார் நல்ல விலைக்குக் கேட்டாலும் வழக்கு முடியும்வரை விற்காதீர்கள்.