மருந்துக் கடை இருக்க அதிகாரி எதற்கு?

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். பயிர்ப் பாதுகாப்பில் அரசு வேலைக்குப் போக ஆசை. அந்த வேலையில் அன்றாடம் என்ன செய்வார்கள், ஆய்வகத்திலா வயலிலா, எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று விளக்கிச் சொல்ல யாருமில்லை. அப்பாவோ, "எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கடைக்காரரே சொல்லிவிடுகிறார், இதற்கு ஓர் அதிகாரி எதற்கு?" என்கிறார். எங்கள் தென்னந்தோப்பில் ஓலையெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. வேளாண்மை அலுவலர் வந்து பார்த்து, மருந்து அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பாவுக்கு இந்தக் கோபம்.

பதில்: உங்கள் அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவர் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்காத ஊர் கிடையாது. கடைக்காரருக்கு மருந்து தெரியும் என்பதில் சந்தேகமில்லை. சிலருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் "இன்றைக்கு ஒன்றும் வாங்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள்" என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் கல்லா நிறையாது. அதைச் சொல்வதற்கு விற்பனையோடு சம்பந்தமில்லாத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் அரசு சம்பளம் கொடுக்கிறது. உங்கள் தோப்புக்கு வந்தவர் தம் வேலையைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து விளக்காமல் போனது மட்டும் அவர் குறை.

அன்றாடம் என்ன வேலை என்று கேட்டீர்கள். சம்பாப் பருவத்தில் ஒரு காலையைச் சொல்கிறேன். "புகையான் விழுந்துவிட்டது" என்று போன் வரும். நெல் தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி அது. போய் வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் இருக்கும்; நடுவில் வட்டமாக ஓரிடம் மட்டும் தீய்ந்தாற்போல் தெரியும். வரப்பிலிருந்து பார்த்துச் சீட்டு எழுதுகிறவர் இந்த வேலைக்கு ஆகாதவர். சேற்றில் இறங்கி, குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட நெற்கொத்தை, இரு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். பழுப்பு நிறத்தில், அரிசியைவிடச் சின்னதாகத் தண்டில் அப்பிக்கொண்டிருக்கும். தட்டினால் தண்ணீரில் விழுந்து சறுக்கிக்கொண்டு ஓடும். வயலில் குறுக்காக நடந்து, அங்கங்கே நின்று, இப்படிப் பத்திருபது குத்துகளில் எண்ண வேண்டும்.

எண்ணிக்கை தூருக்கு, அதாவது குத்திலுள்ள ஒரு தண்டுக்கு, ஒன்று என்றால் மருந்து அடிக்கும் நிலை வந்துவிட்டது. ஆனால் அதே வயலில் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சிலந்தியையும் வேலையாளாகச் சேர்த்து எண்ணுகிற கணக்கு வேறு எந்த அலுவலகத்தில் இருக்கிறது? அதனால்தான் பூச்சியை எண்ணும்போதே அதைத் தின்பவற்றையும் எண்ணச் சொல்கிறோம். பிறகு சொல்லும் யோசனை பெரும்பாலும் செலவில்லாதது: தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடுங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் தூரின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். செயற்கைப் பைரித்திராய்டு வகை கூடவே கூடாது. அது சிலந்தியையும் பிற இரைவிழுங்கிகளையும் கொன்று, புகையானைப் பல மடங்கு பெருக்கிவிடும். இந்தோனேசியா இதைப் பட்டு அறிந்த நாடு. 1986-இல் அங்கே நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை அரசே ஒரே ஆணையில் தடை செய்தது. நம் ஊரில் நடக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிக்கும் முன்மாதிரி அங்கே பிறந்ததுதான்.

வரப்பில் நிற்பவரைக் குறை சொன்னேன். நானும் நின்றவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, நட்டு இருபது நாள் ஆன வயல் மஞ்சளாகி வளர்ச்சி நின்றுபோயிருந்தது. துங்ரோ என்ற வைரஸ் நோய் என்று முடிவு கட்டி, அதைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சிக்கு மருந்து எழுதிக் கொடுத்தேன். விவசாயி கடன் வாங்கி இரண்டு முறை அடித்தார். மாற்றமில்லை. பிறகு என் மேலதிகாரி வந்தார். பேசாமல் இறங்கி நான்கு நாற்றைப் பிடுங்கி, அடி இலையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இலை முழுக்கத் துருப் பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். அது துத்தநாகப் பற்றாக்குறை. ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து போட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியம். அந்த விவசாயி என்னை ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இன்றும் அந்த டீ தொண்டையில் நிற்கிறது.

ஆகவே, இந்த வேலையின் முதல் பாதி அடையாளம் காண்பது. அதற்கு எப்போதும் பெரிய கருவி வேண்டியதில்லை. நெல் இலை ஓரம் காய்ந்து வருகிறது, பாக்டீரியா இலைக் கருகலா என்று சந்தேகமா? காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேருமிடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் கசிவதுபோல் நூலாக இறங்கினால் பாக்டீரியாதான். அதை விவசாயியின் கண் முன்னே, அவர் வீட்டு டம்ளரிலேயே செய்து காட்டினால் அதற்குப் பிறகு உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது.

ஆய்வக வேலையும் உண்டு. துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் உடைத்த கம்புக்குள் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்ற குளவியை அவற்றுக்குள் முட்டையிட வைப்பார்கள். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அளவு முட்டை ஒட்டிய அட்டையில் 16,000 முதல் 20,000 முட்டைகள். சில நாளில் அவை கறுத்துவிடும். கறுத்தால் உள்ளே குளவி இருக்கிறது என்று பொருள். அட்டையைத் துண்டாக்கி வயலில் இலைக்கு அடியில் கட்டிவிட்டால், புறப்படும் குளவிகள் தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டுப்புழு ஆகியவற்றின் முட்டைகளைத் தேடிப் போகும். எறும்பு தின்னாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

இந்த அட்டையை முதன்முதலில் வாங்கும் விவசாயியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பூச்சிக்கு மருந்து கேட்டால் இன்னொரு பூச்சியைக் கொடுக்கிறாரே என்று. 2010-இல் கொங்கு நாட்டில் அந்த முகத்தை ஊர் ஊராகப் பார்த்தோம். 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பரவி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளை வெளேர் என்று மூடிவிட்டது. உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து ஒட்டாது. மல்பெரியில் மருந்து அடித்தால் பட்டுப்புழு சாகும். அதன் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். அங்கே அதை அடக்கி வைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் இங்கே இல்லை. மத்திய அரசின் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தார் 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூருக்குத் தருவித்தார்கள். வேறு நல்ல பூச்சிகளைத் தாக்குமா என்று அடைத்து வைத்துப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி கடுகளவுகூட இராது. உள்ளங்கையில் அடங்கும் குப்பியில் அதைக் கொடுத்தபோது ஒருவர் என்னிடம், "சார், என் தோட்டம் மூன்று ஏக்கர்" என்றார். ஓராண்டு வாக்கில் மாவுப்பூச்சி அடங்கியது. 2020-இல் கேரளத்தில் தலைகாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இதே வழிதான். பெனின் நாட்டிலிருந்து குளவி வந்து, 2022-இல் சேலம் பக்கம் வெளியில் விடப்பட்டது.

இனி வேலைக்கான வழிகள். நீங்கள் படிக்கும் படிப்புக்கு நேரடியாகத் திறக்கும் கதவு வேளாண்மை அலுவலர் பதவி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வட்டாரத்தில் உங்களுக்குப் பூச்சியும் நோயும் மட்டும் வேலையாக இருக்காது. விதை, உரம், மானியம், காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனை எல்லாம் உங்கள் தலையில்தான். பூச்சியியல் படித்த நான், மானியப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று அலுத்துக்கொள்ளும் நாட்கள் வரும்.

பூச்சிக்கொல்லி ஆய்வாளர் அதிகாரமும் சேர்ந்து வரும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி கடையில் மாதிரி எடுத்தால் மூன்றாகப் பிரித்து முத்திரையிட வேண்டும்: ஒன்று கடைக்காரருக்கே, ஒன்று பரிசோதனை நிலையத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. முத்திரை ஒழுங்காக இல்லாவிட்டால் போலி மருந்து விற்றவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். யார் யாரோ போன் செய்வார்கள். அந்தப் போன்களைத் தாங்குகிற மனம் உங்களுக்கு இருக்கிறதா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

முழுக்கப் பயிர்ப் பாதுகாப்பே வேண்டுமென்றால் பூச்சியியலிலோ நோயியலிலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு மத்திய அரசுப் பக்கம் பாருங்கள். 1946-இல் தொடங்கப்பட்ட தாவரப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஃபரிதாபாத்தில் தலைமையகம். திருச்சியில் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, சென்னையில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் இருக்கிறது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வருகிற விதை, பழம், மரம் எதுவும் பூச்சியைச் சுமந்து வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. சரக்கு வரும் மரச்சட்டங்களில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை ஒன்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவதுபோன்ற சிகிச்சை தரப்பட்டது என்று சொல்லும் முத்திரை அது. ஏற்றுமதிக்குத் தாவர நலச் சான்றிதழ் தருவதும் இவர்கள்தான். அதில் கொஞ்சம் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் பார்த்தோம்: சரக்கில் பழ ஈ அகப்பட்டதால் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தை வாங்க மறுத்துவிட்டது. ஆராய்ச்சியே வேண்டும் என்றால் முனைவர் பட்டம் வரை படித்து, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகப் பணிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகலாம்.

எந்தக் கதவானாலும் இப்போதே ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பரிசோதனையை உங்கள் தோப்பிலேயே செய்யலாம்.

ஓலையின் கரி தனி நோய் அல்ல. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து சேர்ந்த சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைக் கீழே சொட்டும். அது விழுந்த ஓலையில் வளர்வது கரும்பூசணம். மருந்து அடித்தால் வெள்ளை ஈ கொஞ்சம் சாகும். அதற்குள் முட்டையிட்டு வளரும் என்கார்சியா என்ற குளவியும் சேர்ந்து சாகும். ஈ திரும்பி வரும்போது தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். மஞ்சள் ஒட்டும் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரியின்மேல் லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தால், காய்ந்ததும் கரியோடு சேர்ந்து உரிந்து விழும்.

கீழடுக்கு மட்டை ஒன்றிலிருந்து ஓலையைக் கிழித்து அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். வெள்ளைச் சுருள் கோடுகளுக்கு நடுவே ஓட்டுடன் கூட்டுப்புழுக்கள் இருக்கும். லென்ஸ் வைத்து, காலியான கூடுகளை மட்டும் ஐம்பது எண்ணுங்கள். ஈ வெளியேறிய கூட்டில் ஆங்கில டீ எழுத்துப்போல் கிழிசல் இருக்கும். குளவி வெளியேறிய கூட்டில் குண்டூசியால் குத்தியதுபோல் வட்டத் துளை. கிழிசல் எத்தனை, வட்டம் எத்தனை என்று இரண்டு பத்தியாக எழுதி, லென்ஸையும் ஓலையையும் அப்பா கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து நாள் கழித்து அதே மரத்தில் மறுபடி எண்ணுங்கள். வட்டம் கூடிவந்தால் விட்டுவிடலாம். வட்டமே இல்லையென்றால், குளவி உள்ள தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து உங்கள் மரங்களில் கட்ட வேண்டும்; அது எந்தத் தோப்பு என்று அந்த அலுவலருக்குத் தெரிந்திருக்கும். அவரை மறுபடி கூப்பிடுங்கள், இந்த முறை கணக்கோடு.