கிளவுட் மெஷின் டெம்ப்ளேட்: கேட்டவையும் பதில்களும்

மெய்நிகர் மெஷின்களை (கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் கணினிகளை) எழுப்ப டெம்ப்ளேட், அதாவது மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு, எழுதும் நம் ஆட்கள் சிலர் கேட்டவை இவை. பெரும்பாலும் டெராஃபார்ம் (எழுதிவைத்தபடி மெஷின்களை எழுப்பும் கருவி), ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானின் கிளவுட்) பற்றியவை என்பதால் பதிலும் அதை ஒட்டியே.

அண்ணா, எங்கள் டீமுக்காக ஒரு மாட்யூல் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்) எழுதினேன். எல்லோருக்கும் ஒத்துவர வேண்டுமென்று 40 வேரியபிள் (நிரப்ப வேண்டிய கட்டம்) வைத்தேன். யாரும் தொடவே இல்லை, போர்ட்டலில் போய்க் கிளிக் செய்கிறார்கள். (சாங்கி பிசினஸ் பார்க்)

தம்பி, 40 கட்டத்தை நிரப்பச் சொன்னால் போர்ட்டலே தேவலாம் என்றுதான் போவார்கள். கேட்பவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள்: எந்த அப்ளிகேஷன், டெஸ்டா புரொடக்‌ஷனா, எந்த அளவு, செலவு யார் கணக்கில். நான்கே கேள்வி. மற்றதை டெம்ப்ளேட்டே முடிவு செய்யட்டும். புரொடக்‌ஷன் என்று சொன்னதுமே பேக்கப்பும் கண்காணிப்பும் தானாகச் சேர வேண்டும். டிஸ்க் என்கிரிப்ஷனைக் கேள்வியாகவே வைக்காதீர்கள். கேட்டால் யாராவது ஒருவர் ‘வேண்டாம்’ என்பார்.

வீவக வீட்டை நாலறை, ஐந்தறை என்றுதானே கேட்கிறோம். அதுபோல இங்கேயும் சிறியது, நடுத்தரம், பெரியது போதும். சிறியது என்றால் உள்ளே டி3.மீடியம் ரகம், அதாவது 2 விசிபியு (மெய்நிகர் பிராசசர்), 4 ஜிபி நினைவகம் என்று நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாளை புது ரகம் வந்தால் நீங்கள் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

எல்லாவற்றையும் இமேஜிலேயே (மெஷினை எழுப்பும் மூலப்பிரதியிலேயே) போட்டுவிடலாமா, பூட் ஆகும்போது ஸ்கிரிப்ட் ஓட்டலாமா? (பாலிடெக்னிக் மாணவி)

இரண்டும் வேண்டும் அம்மா. மெதுவாக மாறுபவை, அதாவது ஓ.எஸ். பேட்ச், கண்காணிப்பு ஏஜென்ட் போன்றவை, பேக்கர் (இமேஜ் தயாரிக்கும் கருவி) வைத்து இமேஜுக்குள் போகட்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் வேறுபடுவது மட்டும் கிளவுட்-இனிட்டில், அதாவது பூட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டில். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் அந்த ஸ்கிரிப்ட்டைக் கொடுக்கும் இடமான யூசர் டேட்டாவுக்கு 16 கேபி தான் வரம்பு. அதை நெருங்குகிறீர்கள் என்றால் இமேஜில் இருக்க வேண்டியது ஸ்கிரிப்ட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

மூன்று மெஷின் இருந்தது. பட்டியலில் முதல் பெயரை நீக்கினேன். பிளானில் (என்னென்ன மாறும் என்ற முன்னோட்டத்தில்) மூன்றாவது மெஷினை அழிக்கப்போவதாகக் காட்டுகிறது. டெராஃபார்ம் பக் தானே? (ஒன்-நார்த்)

பக் இல்லை. ‘கவுண்ட்’ பயன்படுத்தியிருப்பீர்கள். அது மெஷினைப் பெயரால் அறியாது, 0, 1, 2 என்று வரிசை எண்ணால்தான் அறியும். முதல் பெயர் போனதும் மற்ற இரண்டும் ஓரிடம் முன்னே நகர்கின்றன. 0-வது மெஷினுக்கு இரண்டாவதன் பெயர், 1-வதற்கு மூன்றாவதன் பெயர், 2-வது மிச்சம் என்று அழிப்பு. அப்ளை (பிளானைச் செயல்படுத்தும் கட்டளை) கொடுத்திருந்தால் நீங்கள் வேண்டாமென்றது வேறு பெயரில் உயிரோடு இருக்கும், வேண்டியது போயிருக்கும். மெஷினுக்கு மெஷின் சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) வேறாக இருந்தால் மற்ற இரண்டும்கூட இடித்துக் கட்டப்படும்.

‘ஃபார்_ஈச்’சுக்கு மாறுங்கள், பெயரே சாவியாகிவிடும். அப்படி மாற்றும்போது ‘மூவ்ட்’ பிளாக் எழுதிப் பழைய முகவரியைப் புதியதோடு இணைத்துவிடுங்கள். 1.1 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் மூன்றையும் அழித்துப் புதிதாக எழுப்பப் பார்க்கும். பிளானைப் படித்துவிட்டுக் கேட்டீர்களே, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

பாஸ்வேர்டை ‘சென்சிடிவ்’ என்று குறித்தால் பாதுகாப்புதானே?

திரையில் மட்டும்தான் மறையும். ஸ்டேட் ஃபைலில் (டெராஃபார்ம் வைத்திருக்கும் பதிவேட்டில்) அப்படியே எழுத்தாக இருக்கும். பாஸ்வேர்டை ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் ரகசியப் பெட்டகமான சீக்ரெட்ஸ் மேனேஜரில் வைத்து, மெஷின் எழுந்த பிறகு தன் ரோலை, அதாவது தனக்குத் தந்த அனுமதியைக் கொண்டு தானே எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். யூசர் டேட்டாவில் எழுதவே வேண்டாம்.

டெஸ்ட் மெஷின்கள் காலை 7 மணிக்கு எழும்படி டெம்ப்ளேட்டில் வைத்தேன். திங்கட்கிழமை மட்டும் எழுவதில்லை, சனிக்கிழமை சும்மா ஓடுகிறது. (தெம்பனிஸ்)

நீங்கள் வைத்திருக்கும் ஈவென்ட்பிரிட்ஜ் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் ஏ.டபிள்யூ.எஸ். சேவை) ரூலின் கிரான், அதாவது நேர அட்டவணை, உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் ஓடுகிறது. சிங்கப்பூரில் நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நம் திங்கள் காலை 7 மணி அங்கே ஞாயிறு இரவு 11. மணியை 23 என்று சரியாக மாற்றிவிட்டு, நாளைத் திங்கள்–வெள்ளி என்றே விட்டிருப்பீர்கள். ஞாயிறு–வியாழன் என்று போடுங்கள். இரவு 8 மணிக்கு அணைப்பதில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே பகல் 12, அதே நாள். ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலருக்கு மாறினால் நேர மண்டலத்தையே சிங்கப்பூர் என்று கொடுக்கலாம், அதுதான் நல்லது. அப்புறம், மெஷின் நின்றாலும் டிஸ்குக்குக் காசு போய்க்கொண்டுதான் இருக்கும், மேலாளரிடம் சேமிப்புக் கணக்கு சொல்லும்போது அதையும் சேருங்கள்.

சார், 12 டீம்கள் எங்கள் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துகின்றன. ஒன்றை மாற்றவே பயமாக இருக்கிறது. (பாய லேபார்)

பயம் நியாயம்தான். எல்லோரும் மெயின் கிளையிலிருந்து (கோடின் முதன்மைப் பிரதியிலிருந்து) நேராக எடுத்தால் உங்கள் மாற்றம் அவர்களுடைய அடுத்த அப்ளையில் போய் இறங்கும். பதிப்பு எண் போட்டு வெளியிடுங்கள், ஒவ்வொரு டீமும் ஓர் எண்ணில் நிற்கட்டும். ஓடும் மெஷினை மாற்றி எழுப்ப வைக்கும் எந்த மாற்றமும் முதல் எண்ணை ஏற்ற வேண்டும்: 2.4-இலிருந்து 3.0. ‘கடைசியாக வந்த இமேஜ்’ என்று டெம்ப்ளேட் தேடுகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் நீங்கள் ஒரு வரியும் தொடாமலே, புது இமேஜ் வந்த மறுநாள் எல்லாப் பிளானிலும் மாற்றி எழுப்புதல் காட்டும். இமேஜ் ஐ.டி.யைப் பதிப்போடு கட்டிவிடுங்கள். முதலில் ஒரு டீமின் டெஸ்ட் சூழலில் ஏற்றி, ஒரு வாரம் விட்டு, பிறகு மற்றவர்களிடம் போங்கள்.