செருப்பு போனா போவுது, நீ உக்காரு சாமி!

இந்த வாட்டி வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி லீவு, காடு, ஆறு பத்திதான். சமையல் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: போன வருஷம் கேரளா பக்கம் ஒரு காட்டு ரிசார்ட்டுக்குப் போனோம் சார். ஜிப்லைன், ராஃப்டிங், ஜீப் சஃபாரின்னு ஒரே நாள்ல அத்தனையும் பண்ணோம், பர்ஸ் காலி. இந்த வாட்டி நம்ம பக்கத்துலயே அப்படி ஒரு நாள் பசங்களுக்குக் காட்ட முடியுமா? 8 வயசு, 12 வயசுன்னு ரெண்டு பேரு, கூட மாமியாரும் வர்றாங்க. - வாசகி, காவேரிப்பட்டணம்

முடியும்ங்க, ஆனா அந்த "அத்தனையும்" மட்டும் வேணாம். ஒகேனக்கல் ஒண்ணு போதும். காலைல அஞ்சரைக்கெல்லாம் கிளம்பிடுங்க. தருமபுரியில இருந்து 46 கிலோமீட்டர்தான், பென்னாகரம் தாண்டினதும் ரோடு வளைஞ்சு வளைஞ்சு காட்டுக்குள்ள இறங்கும், அங்க ஜன்னலைத் தொறந்து வச்சு பிஸ்கட் பாக்கெட்டை வெளிய காட்டினீங்கன்னா குரங்கு வந்து பில் போட்டுட்டுப் போயிடும். சீக்கிரம் போனா பரிசல் துறையில கியூ இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது.

நம்ம பரிசல் இருக்கே, உங்க ராஃப்டிங்குக்கு ஒரு இம்மி குறைஞ்சது இல்ல. மூங்கில் சிம்பை வட்டமா முடைஞ்சு, அடியில ஷீட்டு போட்டு தார் பூசியிருப்பாங்க, அந்தக் காலத்துல தோல் கட்டினாங்களாம். அடி தட்டையா இருக்கறதால முழங்கால் தண்ணியிலகூட பாறை மேல உரசாம போவும். கவனிச்சுப் பாருங்க, பரிசல்காரர் முன்னாடி உக்காந்து தண்ணியத் தன் பக்கம் இழுப்பாரு, பின்னாடி தள்ள மாட்டாரு. ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறைச் சுவரு, நடுவுல பச்சைத் தண்ணி, மேல இருந்து அருவிச் சாரல். கன்னடத்துல ஹொகேன்னா புகை, அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு அப்பத்தான் புரியும்.

ஒரு விஷயம், லைஃப் ஜாக்கெட்டை சும்மா தோள்ல மாட்டிக்கிட்டு போட்டோ எடுக்காதீங்க, பட்டையெல்லாம் இறுக்கிக் கட்டுங்க. என் கதைய சொல்றேன். சில வருஷம் முன்னாடி தங்கச்சி குடும்பத்தோட போனப்ப அவ பையனோட செருப்பு தண்ணியில விழுந்துடுச்சு, புதுசு வேற, நான் பெரிய வீரனாட்டம் எந்திரிச்சு எட்டிப் பிடிக்கப் போனேன், பரிசல் என் பக்கமே சாஞ்சுடுச்சு, தங்கச்சி போட்ட சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. பரிசல்காரர் துடுப்பை ஒரு அழுத்து அழுத்தி நேராக்கிட்டு, "செருப்பு போனா போவுது, நீ உக்காரு சாமி"ன்னாரு. உக்காந்தேன். திரும்பி வர்ற வரைக்கும் எந்திரிக்கல. அந்த செருப்பு இந்நேரம் மேட்டூர் டேம்ல எங்கயாவது கெடக்கும்.

மாமியாரை பரிசல்ல ஏத்தணும்னு கட்டாயம் இல்ல, அவங்களுக்கு முழங்கால் வலி இருந்தா நிழலா ஒரு இடத்துல உக்கார வச்சுட்டு மீன் சமாச்சாரத்தை அவங்க கையில குடுத்துடுங்க. கட்லா, கெண்டை, ஜிலேபின்னு நாமளே பாத்து வாங்கிக் குடுத்தா அங்க இருக்கற அக்காங்க மசாலா தடவி வறுத்து, கொழம்பும் வச்சுத் தர்றாங்க. செவுளைத் தூக்கிப் பாத்து பேரம் பேசறதுல அவங்களை அடிச்சுக்க ஆளிருக்காது.

சாப்பிட்டதும் வண்டி ஏறாதீங்க. ஆத்தோரமா பெரிய மருத மரம் பாத்து ஒரு மணி நேரம் சத்தமில்லாம உக்காருங்க. அதிர்ஷ்டம் இருந்தா நரை அணில் தெரியும், வீட்டு அணில் இல்லீங்க, வாலோட சேத்து கிட்டத்தட்ட பூனை நீளம் இருக்கும், கிளைக்குக் கிளை தாவும். இந்தக் காவிரிக்கரைக் காட்டுல நீர்நாய், முதலை எல்லாமே உண்டு. அதனாலதான் சொல்றேன், ஆள் இல்லாத இடமாப் பாத்து பசங்களை ஆத்துல இறக்காதீங்க, பாறைக்கு நடுவுல சுழலும் இருக்கு.

கேள்வி: வானத்துல ஒரு மேகம் இல்ல, நல்ல வெயிலு, ஆனா பரிசலுக்குத் தடைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இது என்ன நியாயம்? - வாசகர், பாலக்கோடு

உங்க கோவம் புரியுது, ஆனா அந்தத் தண்ணி பாலக்கோட்டு மழை இல்லையே. குடகுலயும் வயநாட்டுலயும் ஜூன், ஜூலைல கொட்டற மழை கர்நாடகாவுல இருக்கற கேஆர்எஸ், கபினி அணைங்களை ரொப்பி, உபரியைத் தொறந்து விட்டா அது காட்டுக்குள்ளயே ஓடி நம்ம எல்லையில பிலிகுண்டுலு வழியா வந்து சேரும். மத்திய நீர் ஆணையத்துக்காரங்க அங்கதான் அளக்கறாங்க. ஒரு கனஅடின்னா விநாடிக்கு 28 லிட்டர் சொச்சம். லட்சம் கனஅடி தாண்டின வருஷமும் இருக்கு, அப்ப விநாடிக்கு 28 லட்சம் லிட்டர்னு கணக்குப் போட்டுக்கோங்க, அருவியே தெரியாது, பாறையெல்லாம் முழுகி ஒரே செவப்புத் தண்ணியா ஓடும். ஆடி 18க்கு வேண்டுதல் இருக்கறவங்க சரி, பரிசலுக்காகப் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி அன்னிக்கு நீர்வரத்து எவ்ளோன்னு நியூஸ்ல பாத்துடுங்க.

கேள்வி: மார்ச்சுல தேன்கனிக்கோட்டை பக்கம் போனா காடே காஞ்சு குச்சியா நிக்குது, இதைப் போய் டிராபிகல் ஃபாரஸ்ட்டுங்கறாங்களே? - கல்லூரி மாணவி, ஓசூர்

வெப்ப மண்டலக் காடுன்னாலே கொடி தொங்கற மழைக்காடுன்னு டிவி பாத்துப் பழகிட்டோம்மா. நம்மது இலையுதிர் காடு, தண்ணி மிச்சம் பண்ண இலையைக் கொட்டிட்டு நிக்குது, பட்டுப் போகல. தலைக்குத் தேய்க்கற அரப்பு இருக்கே, அது இந்தக் காட்டு உசிலை மரத்து இலைதான். இந்த வறண்ட காட்டை நம்பித்தான் யானைக் கூட்டமே இருக்கு, 2014ல காவேரி வடக்கு, 2022ல காவேரி தெற்குன்னு ரெண்டு சரணாலயம் அறிவிச்சதும் இந்தக் காட்டுக்குத்தான். நடந்து பாக்கணும்னா ட்ரெக் தமிழ்நாடு திட்டத்துல குத்திராயன் மலை, அய்யூர் சாமி ஏரின்னு உங்க மாவட்டத்துலயே ரூட்டு இருக்கு, வனத்துறை ஆள் கூட வருவாங்க. காட்டுத்தீ சீசன்ல நிறுத்தி வைப்பாங்க, மழை முடிஞ்சு போம்மா.

கேள்வி: சாயங்காலம் டூட்டி முடிச்சு அஞ்செட்டி வழியா பைக்ல ஒகேனக்கல் போலாமாண்ணா? - நாலு ஃப்ரெண்ட்ஸ், ஓசூர்

வேணாம் தம்பிங்களா. அது யானை ரோடு. அதுவும் ராகி விளையற மாசத்துல பன்னேருகட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியா கூட்டமா இறங்கி வரும், வளைவுல திரும்பினா எதுக்க நிக்கும். காலைல வெளிச்சம் வந்தப்புறம் போங்க, வழியில செல்ஃபிக்கு நிறுத்தாதீங்க.

கேள்வி: பரிசலைச் சுத்தி விடச் சொன்னா தல சுத்துமா? - ஏழாம் வகுப்பு வாசகன், அரூர்

சுத்தும்டா கண்ணு. மீன் சாப்பிடறதுக்கு முன்னாடியே சுத்திக்கோ.