மூலிகை படிக்கத் தொடங்குபவர் எந்தத் தாவரவியல் சொற்களை முதலில் கற்க வேண்டும்?

மூலிகைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கையேட்டின் கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியல் பயமுறுத்துகிறது, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா, எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் வேண்டாம். இலை வடிவத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முட்டை வடிவம், ஈட்டி வடிவம், இதய வடிவம் என்று கையேடுகள் அங்கேதான் தொடங்கும். ஆனால் ஒரே கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரத்தில் அகன்ற இலையோடு நிற்கும், காய்ந்த வரப்பில் குச்சி இலையோடு நிற்கும். ஆனால் செடியில் எந்த உறுப்பு எந்த இடத்தில் முளைக்கிறது என்பது அப்படி மாறாது. அதனால் முதலில் கணு (தண்டில் இலை முளைக்கும் இடம்), இலைக்காம்பு, இலைக்கோணம், சிற்றிலை. இந்த நாலும் கைவந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இது எனக்குச் சின்ன வயதிலேயே பட்டுத் தெரிந்த விஷயம். வேலூரில் பெரியப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். ஒரு லீவுக்கு அணைக்கட்டு ரோட்டுப் புளியமரத்தடியில் கீழாநெல்லி மண்டிக் கிடப்பதைப் பார்த்து, ஒரு பை நிறையப் பிடுங்கிக்கொண்டு போய் நின்றேன். பெரியப்பா செய்தித்தாளை விரித்துக் கொட்டினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இன்னாம்மா, பாதிக்குப் பாதி புளியங்கன்னா புடுங்கியாந்துகீற?" என்றார். கடைப்பையன் சிரித்ததுதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புளியில் ஒரு ஈர்க்கின் இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகள், எதிரெதிராக சோடி சோடியாக. கீழாநெல்லியிலும் மெல்லிய ஈர்க்கு, இரு பக்கமும் சின்ன இலைகள், ஆனால் ஒன்று விட்டு ஒன்றாக. ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி. கீழாநெல்லியில் ஒவ்வொரு இலைக்கும் அடியில் கடுகளவு பச்சை உருண்டை தொங்கும். புளியில் ஒன்றும் இருக்காது.

காம்பின் மேல்பக்கம் தண்டோடு சேரும் மூலைதான் இலைக்கோணம். பெரியப்பா அதை 'இலையோட கக்கம்' என்பார், எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். மொட்டோ பூவோ கிளையோ கிளம்புவது இலையின் கக்கத்தில். சிற்றிலையின் கக்கத்தில் எதுவும் வராது. புளியில் மொட்டு முழு ஈர்க்கின் அடியில்தான் இருக்கிறது, ஆகவே அந்த ஈர்க்கு மொத்தமும் ஒரே இலை. அதற்குக் கூட்டிலை என்று பெயர், பக்கத்தில் இருப்பவை சிற்றிலைகள். கீழாநெல்லியில் ஒவ்வொரு 'சிற்றிலை'க்கும் கீழே காய் இருக்கிறதே! அப்படியானால் அவை ஒவ்வொன்றும் தனி இலை, ஈர்க்கு என்று நினைத்தது ஒரு குட்டிக் கிளை. பெரிய நெல்லி மரமும் இதே கதைதான், அதன் குட்டிக் கிளைகள் இலை உதிர்வது போல மொத்தமாக உதிரும். மரத்துக்கும் களைச்செடிக்கும் நம்மவர்கள் நெல்லி என்றே பெயர் வைத்தார்கள். தாவரவியலும் இரண்டையும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறது. கிரேக்கத்தில் அதற்கு இலை, பூ என்று பொருள்.

இலையடுக்கத்துக்கு, அதாவது தண்டில் இலைகள் நிற்கும் முறைக்கு, அரை மணி நேரம் போதும். கணுவுக்கு ஒரு இலை என்றால் மாற்றிலை, வேம்பு மாதிரி. இரண்டு என்றால் எதிரிலை, துளசி, நொச்சி, ஆடாதோடை மாதிரி. மூன்றோ அதற்கு மேலோ என்றால் வட்ட அடுக்கு, அரளி மாதிரி. அரளி நஞ்சு, எண்ணிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

உலர்ந்த சரக்குக்கு வந்தால்தான் தமிழே நம்மைக் குழப்பும். கிழங்கு என்று ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். மஞ்சளும் இஞ்சியும் மண்ணுக்குள் படுத்துக் கிடக்கும் தண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு பருத்த வேர். கணு இருந்தால் தண்டு, இல்லையென்றால் வேர், அவ்வளவுதான் சோதனை. கடையில் பத்து ரூபாய்க்கு வசம்பு வாங்கிப் பாருங்கள் (எங்கள் வீட்டில் அந்தி சாய்ந்தால் 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்க வேண்டும்). மேல்பக்கம் வளையம் வளையமாக இலை உதிர்ந்த தழும்பு, அடிப்பக்கம் வேர் அறுந்த புள்ளிகள். அந்தத் தழும்பைப் பார்த்தாலே தண்டு என்று தெரிந்துவிடும்.

அஞ்சறைப் பெட்டியிலும் இதே கூத்து. தனியா, சீரகம், சோம்பு மூன்றையும் விதை என்கிறோம், மூன்றும் கனிகள். கிராம்பு விரியாத மொட்டு. திப்பிலி ஒற்றைக் காய் அல்ல, காய்கள் நெருங்கிய கதிர். குங்குமப்பூ முழுப் பூ இல்லை, பூவின் பெண் உறுப்பின் நுனியான சூல்முடி மட்டும். ஜாதிபத்திரியில் 'பத்திரி' இருக்கிறதே தவிர அது இலை கிடையாது, விதையைச் சுற்றிய சிவப்பு வலை.

பூவின் பாகங்களுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒன்று போதும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே வேலூர் காய்தான். குழம்புக்கு நறுக்கும்போது விரலில் குத்தும் அந்தப் பச்சைத் தொப்பிதான் புல்லிவட்டம். பூவில் அல்லி, அதாவது வண்ண இதழ்கள், உதிரும், விதை உருவாகும் சூல்பை காயாகும், புல்லி காயோடு கடைசி வரை வரும். அமுக்கராவில் அதே புல்லி ஊதிப் பெருத்து பழத்தையே மூடிக்கொள்ளும். ஊமத்தையில் அடிப்பாகம் மட்டும் காய்க்குக் கீழே பாவாடை மாதிரி மடிந்து நிற்கும்.

முள்ளிலும் இடம்தான் கணக்கு. கத்திரி முள் தோலிலிருந்து கிளம்புவது, கண்ட இடத்தில் இருக்கும். வில்வ முள் இலையின் கக்கத்தில் இருக்கும், ஆகவே அது கிளை. கருவேல முள் இலையடியில் இரண்டிரண்டாக இருக்கும், அவை இலையடிச் செதில்கள். ஒரே 'முள்' என்ற சொல்லுக்குள் மூன்று உறுப்புகள்.

லத்தீன் பெயர்கள் வேண்டுமா என்றால் வேண்டும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியும் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் வேறு வேறு பேரினம். தமிழ்ப் பெயரை மட்டும் எழுதி வைத்தால் நாளைக்கு நீங்களே குழம்புவீர்கள். ஆனால் அது இரண்டாம் மாத வேலை.

முதல் மாதம் செடி அழுத்திப் பழகுங்கள். பழைய செய்தித்தாள், மேலே கனமான இரண்டு புத்தகம், தாளைத் தினமும் மாற்ற வேண்டும். கீழாநெல்லியை வேரோடு எடுங்கள், சமூலம் என்று படிக்கப் போவது அதைத்தான். அட்டையில் ஒட்டும்போது ஒரு கிளையையாவது திருப்பி ஒட்டுங்கள். அடிப்பக்கம் தெரியவில்லையென்றால் என் பெரியப்பாவே வந்து பார்த்தாலும் புளியங்கன்று என்பார்.